வீட்டுச் சூரிய மின்சாரம்: குறைந்தது பருவத்தாலா, பழுதாலா?

உங்கள் வீட்டில் சோலார் தகடு இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கானது. அது இரண்டு விளக்குக்கும் ஒரு தொலைபேசிக்கும் போதுமான சிறிய தகடாக இருக்கலாம். கூரை நிறையப் பொருத்தி மின்சார சபையின் கம்பியோடு இணைத்த தொகுதியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் பொதுவான ஒரு பழக்கத்தை இங்கே சொல்கிறோம். மாதா மாதம் கிடைக்கும் மின்சாரத்தை ஒரு கொப்பியில் குறித்து வைப்பதே அந்தப் பழக்கம்.

நவம்பர், டிசம்பர் மாதங்களில் விளக்கு முன்னிரவிலேயே மங்கிவிடும். பற்றரி பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கடன்பட்டுப் புதிய பற்றரி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். மாரி முடிந்து பெப்ரவரி வந்ததும் பழைய பற்றரியே நன்றாக வேலை செய்திருக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தகட்டில் உண்மையிலேயே பழுது இருக்கும். "மழைக்காலம்தானே" என்று விட்டுவிடுவோம். பின்னர் பார்க்கும்போது உத்தரவாதக் காலம் முடிந்திருக்கும். இரண்டிலும் நட்டம் உங்களுக்கே. இதைத் தடுக்க ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

கிண்ணியாவில் வெயில் எப்படி மாறுகிறது?

கிண்ணியா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் எட்டரைப் பாகையில் உள்ளது. அதனால் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். ஐரோப்பாவில் குளிர்காலத்துப் பகல் மிகக் குறுகிவிடுவதால் மின்சாரம் குறைகிறது. இங்கே குறைவதற்கு முதற் காரணம் முகில். திருகோணமலை மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதங்களில் பெய்கிறது. உங்கள் தகட்டின் ஆண்டுக் கணக்கையும் அந்த நான்கு மாதங்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை: மாரி ஓய்ந்து வானம் தெளியும். வெயில் கடுமையாக இருந்தாலும் தகடு இன்னும் அளவுக்கு மீறிச் சூடாவதில்லை. ஏப்ரல் 12 ஐ அண்டிய நாட்களில் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பெரும்பாலான வீடுகளில் ஆண்டின் சிறந்த மாதங்கள் இவைதான். ஏப்ரலில் பிற்பகல் இடிமழை வந்தால் அந்த நாளின் பின்பாதி குறையும். காலை வெயில் கிடைத்துவிடும்.

மே முதல் செப்ரெம்பர் வரை: கச்சான் காற்றுக் காலம். மேற்கிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட சூடான காற்றாக நம்மை வந்தடைகிறது. வெயில் நிறைய இருந்தும் மார்ச் மாதத்து அளவு கிடைக்காதது பலருக்குப் புதிராக இருக்கும். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது சூடு. தகட்டின் சூடு 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகை உயரும்போதும் அதன் வலு சுமார் 0.4 வீதம் குறையும். தகரக் கூரையின் மேல் நண்பகலில் தகடு 60 பாகையைத் தாண்டுவது சாதாரணம். அப்போது ஏழில் ஒரு பங்கு வலு சூட்டிலேயே போய்விடும். இரண்டாவது தூசு. மழை கழுவாத தகட்டில் வீதிப் புழுதியும், கடலோர வீடுகளில் உப்பும் படியும். மூன்றாவது, ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் இறுதிவரை நண்பகற் சூரியன் வடக்குப் பக்கமாக நிற்கும். தெற்கு நோக்கிச் சாய்த்த தகட்டுக்கு இது சிறிய இழப்பு. சாய்வு கூடினால் இழப்பும் கூடும்.

ஒக்டோபர், நவம்பர்: காலையில் வெயில், பிற்பகலில் இடியும் மழையும். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். நவம்பர் முன்னேற முன்னேற முழுநாள் முகில் கூடும்.

டிசம்பர், ஜனவரி: வடகீழ்ப் பருவமழைக் காலம். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். டிசம்பர் 21 ஐ அண்டி நண்பகலிலும் அது 58 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. வெயில் குறைவான மாதங்கள் இவை. மார்ச் மாதத்தில் 100 பங்கு மின்சாரம் கிடைத்தால் டிசம்பரில் 60 முதல் 70 பங்கு கிடைப்பது வழக்கமான அளவே. தாழமுக்கம் உருவாகி வானம் கறுத்த நாட்களில் நல்ல நாளின் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காமல் போகலாம்.

ஆகவே இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிட வேண்டாம். இந்த டிசம்பரைப் போன டிசம்பரோடும், இந்த மார்ச்சைப் போன மார்ச்சோடும் ஒப்பிடுங்கள். அதற்குக் குறைந்தது ஒரு முழு ஆண்டின் குறிப்பு தேவை. அதனால் இன்றே தொடங்குங்கள்.

எதைக் குறிக்க வேண்டும்?

அ. மின்சார சபைக் கம்பியோடு இணைத்த தொகுதி

உங்கள் வீட்டில் இரண்டு இடங்களில் இலக்கங்கள் தெரியும். இன்வேட்டரின் திரையில் தெரிவது தகடுகள் உற்பத்தி செய்த மொத்த அலகு (யூனிற்). மின்சார சபை மீற்றரில் தெரிவது நீங்கள் வெளியே அனுப்பியதும் வெளியிலிருந்து எடுத்ததும். தகடு நன்றாக வேலை செய்கிறதா என்று அறிய இன்வேட்டரின் இலக்கத்தையே பார்க்க வேண்டும். பகலில் குளிர்சாதனப் பெட்டியும் மின்விசிறியும் உபயோகித்த மின்சாரம் மீற்றருக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். ஓகஸ்ட்டில் விசிறி நாள் முழுக்கச் சுழன்றால் வெளியே அனுப்பிய அலகு குறையும். அது தகட்டின் குறை அல்ல.

ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, சூரியன் மறைந்த பின், இன்வேட்டரின் "மொத்தம்" என்ற இலக்கத்தைக் குறியுங்கள். இந்த மாத இலக்கத்திலிருந்து போன மாத இலக்கத்தைக் கழித்தால் மாத உற்பத்தி கிடைக்கும். அதை உங்கள் தொகுதியின் கிலோவாற் அளவால் வகுங்கள். ஒரு கிலோவாற்றுக்கு மாதம் ஏறக்குறைய 120 அலகு என்பது ஆண்டுச் சராசரியாகப் பொதுவில் சொல்லப்படும் அளவு. நல்ல மாதங்களில் அதைவிடக் கூடும், மாரியில் குறையும்.

ஆ. பற்றரியோடு உள்ள சிறிய தொகுதி

இதில் அலகு காட்டும் திரை இல்லாமல் இருக்கலாம். சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவியில் வோல்ற் இலக்கம் தெரிந்தால் அதைக் குறியுங்கள். மஃரிப் வேளையில், வெயில் போனபின் விளக்குப் போடுமுன் ஒரு தடவை. சுபஹ் வேளையில், வெயில் வருமுன் ஒரு தடவை. கிழமைக்கு இரண்டு நாள் குறித்தாலே போதும். சாதாரண ஈய அமிலப் பற்றரி ஓய்வில் இருக்கும்போது 12.7 வோல்ற் அளவில் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 அளவில் பாதி. 12 க்குக் கீழே இறங்கினால் பாவனையை நிறுத்த வேண்டும். அடிக்கடி பாதிக்குக் கீழே இறங்கவிட்டால் பற்றரியின் ஆயுள் விரைவில் முடிந்துவிடும். லிதியம் பற்றரிக்கு இந்த வோல்ற் கணக்குப் பொருந்தாது. அதன் திரை காட்டும் வீதத்தைக் குறியுங்கள்.

இரண்டு இலக்கமும் சேர்ந்தே உண்மையைச் சொல்லும். மஃரிப் இலக்கமே குறைவாக இருந்தால் பகலில் நிறையவில்லை என்று பொருள். காரணம் முகிலோ, நிழலோ, தகடோ. மஃரிப் இலக்கம் நன்றாக இருந்து, வழக்கமான பாவனையிலேயே சுபஹ் இலக்கம் மிகவும் இறங்கினால் பற்றரி தளர்ந்திருக்கிறது. புதிய பற்றரி வாங்குவதற்கு முன் இந்த வித்தியாசத்தை அறிவது அவசியம்.

இ. குறிப்பு என்ற பத்தி

இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "பத்து நாள் மழை", "தகடு கழுவியது", "மின்தடை 3 நாள்", "பக்கத்து வேம்பு கிளை வெட்டியது". சபைக் கம்பியோடு இணைத்த சாதாரண இன்வேட்டர், கம்பியில் மின்சாரம் இல்லாதபோது தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. எனவே மின்தடை நீண்ட மாதத்தில் உற்பத்தியும் குறையும். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், நாட்டின் மின்பாவனை குறைந்திருந்ததால், கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அப்போது நிறுத்தியவர்களின் ஏப்ரல் இலக்கம் குறைந்திருக்கும். குறிப்பு இல்லாவிட்டால் அடுத்த ஏப்ரலில் அந்த இலக்கம் உங்களைக் குழப்பும்.

நோன்பு மாதத்தையும் குறியுங்கள். அந்த மாதத்தில் சஹர் வேளையிலும் இரவிலும் விளக்குப் பாவனை கூடும். நோன்பு ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னகர்வதால் அது எப்போதும் ஒரே பருவத்தில் வராது. அது மாரியோடு சேர்ந்து வரும் ஆண்டுகளில், வெயில் குறைந்த காலத்திலேயே இரவுப் பாவனை கூடும். அதற்கேற்ப முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

பருவமா, பழுதா? ஒரு கணக்கு

ஒரு வீட்டில் 2 கிலோவாற் தொகுதி உள்ளது என்று வைத்துக்கொள்வோம்.

முதலாம் ஆண்டு மார்ச்: 280 அலகு
முதலாம் ஆண்டு டிசம்பர்: 180 அலகு
இரண்டாம் ஆண்டு மார்ச்: 277 அலகு
இரண்டாம் ஆண்டு டிசம்பர்: 120 அலகு

மார்ச்சில் 280, டிசம்பரில் 180 என்பது பருவம். பயப்படத் தேவையில்லை. ஓர் ஆண்டில் 280 என்பது 277 ஆனதும் வழக்கமே. நல்ல தகடுகூட ஆண்டுக்கு ஏறக்குறைய அரை வீதம் தளரும். ஆனால் டிசம்பர் 180 என்பது அடுத்த டிசம்பரில் 120 ஆனது கவனிக்க வேண்டியது. இந்த முறை மழை கூடவா? அதை அறிய அயல் வீட்டைக் கேளுங்கள். அவர்களிடம் 3 கிலோவாற் தொகுதி. டிசம்பரில் 255 அலகு. அதாவது ஒரு கிலோவாற்றுக்கு 85. உங்களுக்கு 120 ஐ 2 ஆல் வகுத்தால் 60. இரண்டு கூரைக்கும் ஒரே வானம். எனவே குறை வானத்தில் இல்லை. உங்கள் தொகுதியில் இருக்கிறது.

இனிக் காரணத்தைத் தேடலாம். பின்வரும் ஒழுங்கில் பாருங்கள். செலவில்லாதவை முதலில் உள்ளன.

1. நிழல். டிசம்பரில் சூரியன் தெற்கே நிற்பதால், ஜூனில் நிழல் தராத தென்னையோ தண்ணீர்த் தாங்கியோ இப்போது நிழல் தரலாம். தகட்டின் ஒரு மூலையில் விழும் நிழல்கூடப் பெரிய இழப்பைத் தரும்.

2. அழுக்கு. பறவை எச்சம், இலை, உப்பு. அதிகாலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது, நல்ல தண்ணீரும் மென்மையான துணியும் கொண்டு கழுவுங்கள். உச்சி வெயிலில் குளிர்ந்த நீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கக்கூடும்.

3. இன்வேட்டர் இடையில் நிற்கிறதா? ஒரே கம்பியில் பல வீடுகள் சோலார் இணைத்திருந்தால், நண்பகலில் கம்பியின் வோல்ற் அளவு ஏறும். இலங்கையில் 230 வோல்ற்றிலிருந்து ஒரு குறித்த எல்லை வரையான ஏற்றமே ஏற்றுக்கொள்ளப்படும். அதற்கு மேல் ஏறும்போது இன்வேட்டர் தன்னை நிறுத்திக்கொள்ளலாம். நல்ல வெயில் நாளில் நண்பகல் உற்பத்தி திடீரென்று பூச்சியமானால் இதைச் சந்தேகியுங்கள். மின்பட்டியலில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து, திகதியும் நேரமும் சொல்லி முறையிடுங்கள்.

4. தளர்ந்த இணைப்பு, துரு, எலி கடித்த வயர். இதை மின்னியலாளரே பார்க்க வேண்டும். கூரைத் தொகுதியின் தகடுகளிலிருந்து வரும் மின்சாரம் பல நூறு வோல்ற் கொண்டது. வெயில் இருக்கும்வரை அதை முழுமையாக நிறுத்த முடியாது. நீங்கள் தொட வேண்டாம்.

5. தகடோ பற்றரியோ. மேலே சொன்ன நான்கும் சரியாக இருந்தால் மட்டுமே இது.

பணம் குறைந்தால் உற்பத்தி குறைந்தது என்று பொருளல்ல

இலங்கையில் வீட்டுச் சூரிய மின்சாரத்தைச் சபைக் கம்பியோடு இணைக்கும் முறை 2010 இல் தொடங்கியது. 2016 இல் தொடங்கிய "சூரிய பல சங்கிராமய" திட்டத்தின்போது, விற்கும் அலகுக்கு முதல் 7 ஆண்டுகள் 22 ரூபாவும், அதன்பின் 20 ஆம் ஆண்டுவரை 15 ரூபா 50 சதமும் என்று ஒப்பந்தமானது. அப்போது கையெழுத்திட்டவர்களுக்கு எட்டாம் ஆண்டில் வரவு திடீரென்று குறையும். அது பருவமும் அல்ல, பழுதும் அல்ல, ஒப்பந்தத்தில் உள்ளது. பின்னர் இணைந்தவர்களுக்கு விலை வேறு. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துத் திகதியையும் விலையையும் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுங்கள்.

புதிதாகத் தகடு பொருத்தக் கடன் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பனையாளர் காட்டும் கணக்கு எந்த மாதத்தினது என்று கேளுங்கள். மார்ச் மாதத்து அலகை 12 ஆல் பெருக்கி ஆண்டு வரவு காட்டினால் அது நடக்காது. மாதத் தவணை டிசம்பர் வரவிலும் கட்டக்கூடியதா என்று பாருங்கள். ஏற்கெனவே தொகுதி வைத்திருக்கும் ஓர் அயலவரின் 12 மாதக் குறிப்பு, எந்த விளம்பரத் தாளையும்விட நம்பத்தக்கது. நிலைபேறான சக்தி அதிகாரசபையில் பதிவு செய்த நிறுவனமா என்றும் கேட்டறியுங்கள்.

சிறிய தொகுதிக்கு மாரிக்காலத் திட்டம்

50 வாற் தகடு ஒன்று நல்ல நாளில், இழப்புகள் போக, சுமார் 180 வாற்-மணி தரும். டிசம்பரில் சராசரியாகச் சுமார் 115. கறுத்த மழை நாளில் 40 க்கும் குறைவு.

பாவனையைப் பாருங்கள். 5 வாற் விளக்கு மூன்று, ஐந்து மணித்தியாலம்: 75. இரண்டு தொலைபேசி: 20. 12 வாற் சிறு விசிறி ஐந்து மணித்தியாலம்: 60. மொத்தம் 155. மார்ச்சில் இது போதும், டிசம்பரில் போதாது. விசிறியை நிறுத்தினால் 95, டிசம்பரிலும் சமாளிக்கலாம். 12 வோல்ற், 40 அம்பியர்-மணிப் பற்றரியைப் பாதிவரை பயன்படுத்தினால், வெயிலே இல்லாமல் ஏறக்குறைய இரண்டரை நாள் தாங்கும். வெள்ள எச்சரிக்கை வந்தால் முதலில் தொலைபேசிகளையும் கைவிளக்கையும் நிறையுங்கள், விசிறி பிறகு.

ஒக்டோபர் முதற் கிழமையில் செய்ய வேண்டியவை: தகட்டைக் கழுவுங்கள். தெற்குப் பக்கக் கிளைகளை வெட்டுங்கள். நீர் ஊற்றும் வகைப் பற்றரியில் காய்ச்சி வடித்த நீரின் அளவைப் பாருங்கள். முனைகளில் படிந்த பூப்பைத் துடையுங்கள். பற்றரியையும் கட்டுப்பாட்டுக் கருவியையும் நிலத்திலிருந்து உயர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். வெள்ளத்தில் நனைந்த இன்வேட்டரை மின்னியலாளர் பார்க்கும்வரை இயக்க வேண்டாம்.

கொப்பியை எங்கே வைப்பது?

2004 டிசம்பர் 26 கடல்கோளில் உடைமைகளோடு ஆவணங்களையும் இழந்த குடும்பங்கள் நம் கரையோரத்தில் பல. 2006 இல் மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து கையில் கிடைத்ததோடு புறப்பட்டவர்களுக்கும் இது தெரியும். எனவே காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் அதே நீர் புகாத பையில் சோலார் பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, ஒப்பந்தம் ஆகியவற்றையும் வையுங்கள். கொப்பியின் பக்கங்களைத் தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் உள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்புங்கள்.

தகட்டுக்கு வழக்கமாக 25 ஆண்டு வலு உத்தரவாதம் உண்டு. அக்காலம் முடியும்போதும் ஆரம்ப வலுவில் ஏறக்குறைய 80 வீதமாவது கிடைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஆனால் "குறைந்துவிட்டது" என்று வாயால் சொன்னால் "மழைக்காலம்" என்று பதில் வரும். இரண்டு ஆண்டு மாத இலக்கங்களைக் காட்டினால் அந்தப் பதில் நிற்காது. விற்றவர் மறுத்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். எழுத்தில் உள்ள கணக்கு அங்கும் உதவும்.

தற்காலிகக் கொட்டிலிலிருந்து நிரந்தர வீட்டுக்கு மாறும்போது தகட்டையும் மாற்றினால், புதிய பக்கத்தில் புதிய கணக்கைத் தொடங்குங்கள். கூரையின் திசையும் நிழலும் மாறிவிட்டதால் பழைய இலக்கத்தோடு ஒப்பிட முடியாது. புதிய தகட்டைத் தெற்கு நோக்கி, 10 பாகை அளவு மெல்லிய சாய்வில் பொருத்தச் சொல்லுங்கள். மழை நீர் வழிந்தோடவும் அந்தச் சாய்வு போதும்.

கொட்டியாரக் குடாவின் மறுகரையில், முன்பு நிலக்கரி மின்நிலையத்துக்குத் திட்டமிட்ட சம்பூரில், 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கான பணி 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. அங்கு விழும் வெயிலும் உங்கள் கூரையில் விழும் வெயிலும் ஒன்றே. இத்தகைய நிலையங்களில் உற்பத்தி நாள்தோறும் பதிவாகும். உங்கள் வீட்டில் மாதம் ஒரு முறை, ஐந்து நிமிடம் போதும்.

கொப்பியில் ஒரு பக்கம், ஐந்து பத்திகள்: மாதம், இன்வேட்டர் இலக்கம் அல்லது பற்றரி வோல்ற், மாத உற்பத்தி, போன ஆண்டு இதே மாதம், குறிப்பு. எழுதுவது பிள்ளைகளின் பொறுப்பாக இருக்கட்டும். கழித்தலும் வகுத்தலும் அவர்களுக்குப் பயிற்சி. இந்த மாதத்தின் முதல் வரியை இன்று மாலையே எழுதிவிடுங்கள்.